டாக்டர் நம்பரில் நான் சொன்ன பதில்

அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர், கோழிப்பண்ணைக்குள்ளே, மூன்றாவது செட்டில், அதாவது கோழிக் கொட்டகையில். பண்ணைக்காரர், டாக்டர் பக்கத்தில். வாச்மேன், கேட்டை ஒட்டி வேப்பமரத்து நிழலில், நாற்காலியில், அரைத் தூக்கத்தில். நான், கேட்டுக்கு வெளியே, வண்டியில், டிரைவர் சீட்டில். டாக்டருடைய கைப்போன், கேட்டில் தொங்குகிற தகரப் பெட்டிக்குள். டாக்டருடைய இன்னொரு போன், என் கண் முன்னால், டேஷ்போர்டில்.

போனை எல்லாம் ஆள் கணக்கில் சேர்க்கிறானே என்று நினைக்காதீர்கள். அன்று அங்கே தன் வேலையை ஒழுங்காகச் செய்தவை அந்த இரண்டும்தான்.

நாமக்கல் பக்கம் கோழி டாக்டர்களுக்கு வண்டி ஓட்ட வந்திருக்கிற தம்பிகள் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். பாஸா என்று கேட்காதீர்கள். வண்டி ஓட்டுவதைப் பற்றி எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். ஒரு டிரைவர் வண்டி ஓடும்போது செய்கிற தப்பு குறைவு. வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது செய்கிறதுதான் அதிகம். என் விஷயத்தில் அப்படித்தான்.

என் டாக்டர் கோழிக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவார். பேசவே மாட்டார். நானும் அப்படித்தான். நாமக்கல்லில் ஏறினால் ஆத்தூர் போய்ச் சேரும் வரைக்கும் மொத்தம் நாலு வார்த்தை பேசுவோம். அதில் இரண்டு "டீ".

பண்ணைகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பண்ணை நோய் இன்னொரு பண்ணைக்குப் போகக் கூடாது. அதனால் டாக்டராகவே இருந்தாலும் குளித்து, பண்ணை லுங்கி கட்டி, பண்ணை பூட்ஸ் போட்டுத்தான் உள்ளே போகணும். வெளிச் சாமான் உள்ளே போகக் கூடாது. போனும் வெளிச் சாமான்தான். கேட்டில் பெட்டி இருக்கும். அதில் போட்டுவிட்டுப் போகணும். ஒரு நாளைக்கு ஒரு பண்ணைக்கு மேல் போகவும் கூடாது.

இதனால் டாக்டர் உள்ளே இருக்கிற இரண்டு மணி நேரமும் அவர் போன் பெட்டிக்குள் கத்திக்கொண்டே கிடக்கும். வெயில் காலத்தில் பண்ணைக்காரர்கள் தவித்துப் போவார்கள். அவர் ஒரு ஏற்பாடு செய்தார். ஒரே நம்பருக்கு இரண்டு போன். ஒன்று கையில், ஒன்று வண்டியில் பதித்தது. யாராவது கூப்பிட்டால் இரண்டும் சேர்ந்து அடிக்கும். ஒன்றை எடுத்தால் மற்றது நின்றுவிடும். வண்டியில் நான் எடுத்துவிட்டால் கைப்போனில் அப்படி ஒரு கால் வந்த அடையாளமே இருக்காது. இதை மனதில் வையுங்கள்.

"எடுத்து, டாக்டர் உள்ள இருக்காருன்னு சொல்லுங்கண்ணா. போதும்" என்றார்.

முதல் மாதம் அப்படியே சொன்னேன். சிக்கல் என்னவென்றால், கூப்பிடுகிறவர்கள் நான் சொல்வதற்குக் காத்திருக்கவில்லை.

"டாக்டருங்களா?"

"ம்" என்பேன். கேட்கிறேன் என்று அர்த்தம். டாக்டரும் "ம்" என்றுதான் ஆரம்பிப்பார். அவர்கள் கடகடவென்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். நான் நடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதுவே டாக்டர் மாதிரி இருந்தது.

ஒரு நாள் டாக்டர் வீட்டம்மா கூப்பிட்டார். நான் "ம்" என்றேன். அவ்வளவுதான். தம்பி கல்யாணத்துக்கு டாக்டர் ஒரு நாள்கூட முன்னால் வரவில்லை என்று ஆரம்பித்து, பத்து நிமிடம் ஒரே மூச்சு. நடுவில் நான் யார் என்று சொல்ல ஒரு இடுக்குகூடக் கிடைக்கவில்லை. பயத்தில் நாலைந்து தடவை "ம்" கொட்டினேன். கடைசியில் அவர் குரல் தணிந்துவிட்டது. "இன்னைக்காவது குறுக்க பேசாமக் கேட்டீங்களே. அதுவே போதும்" என்று வைத்துவிட்டார். மறுநாள் டாக்டர் சாப்பாட்டுக் கேரியரில் அடைத்துவைத்த மாதிரி வெள்ளைப் பணியாரம் இருந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு நாலு கொடுத்தார். தின்றேன். இதை அவரிடம் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

பரமத்திப் பக்கம் ஒரு பண்ணைக்காரர் கூப்பிட்டார். "வெயில் தாங்கலீங்க டாக்டர். கோழி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது."

வண்டியில் டாக்டர் இதே கேள்விக்குப் பதில் சொல்லி நூறு தடவை கேட்டிருக்கிறேன். வாய் தானாக வந்தது. "மத்தியானம் தீனிய நிறுத்துங்க. ஃபாகரை ஓட்டுங்க."

ஃபாகர் என்றால் செட்டுக்கு உள்ளே தண்ணீரைப் பனி மாதிரி பீய்ச்சுகிற குழாய். நாமக்கல் வெயிலுக்கு நல்ல மருந்து.

நாலு நாள் கழித்து டீக்கடையில் அந்தப் பண்ணைக்காரர் டாக்டரைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொன்னபடி செஞ்சனுங்க. ஒரு கோழி சாயலீங்க." டாக்டர் வெயில் காலத்தில் எல்லோருக்கும் அதையே சொல்கிறவர். இவருக்கும் சொல்லியிருப்போம் என்று நினைத்து "ம்" என்றார். நான் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடை டீ கழுநீர் மாதிரி இருக்கும். அன்றைக்கு நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு சட்டைப் பையில் பேனா குத்த ஆரம்பித்தேன். எழுத ஒன்றும் இல்லை. சும்மா.

நாலு மாதம் இப்படி ஓடியது. தெரிந்த கேள்வி வந்தால் பதில் சொல்வேன். தெரியாத கேள்வி வந்தால், "டாக்டர் உள்ள இருக்காரு" என்பேன். எல்லாம் கோழி பிழைத்தது. கோழி தானாகப் பிழைத்ததா, நான் சொல்லிப் பிழைத்ததா என்று யோசிக்கிற புத்தி இல்லை.

வைகாசிக் கடைசி. முதலில் சொன்னேனே, அந்த நாள். மோகனூர் ரோட்டில் ஒரு பண்ணை. மத்தியானம் இரண்டு மணி. நாங்கள் இருந்த இடத்தில் வானத்தில் ஒரு மேகம் இல்லை. வண்டியைத் தொட்டால் சுட்டது.

போன் அடித்தது. தகரப் பெட்டிக்குள் ஒன்று, என் முன்னால் ஒன்று. எடுத்தேன்.

"டாக்டருங்களா?"

"ம்."

ராசிபுரம் தாண்டி ஒரு பண்ணைக்கார அம்மா. குரல் தெரியும். எட்டாயிரம் கோழி. வீட்டுக்காரர் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போய் ஏழு மாதம். செட்டை யாருக்காவது குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று மாமனார் சொல்லியிருக்கிறார். இந்த அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒற்றைக் காலில் நின்று ஏற்றிய முதல் பேட்ச் கோழி அது. போன தடவை டாக்டரிடம் அவரே சொன்னது. இந்தப் பேட்ச் கெட்டால் செட் அவர் கையில் இருக்காது.

"கோழியெல்லாம் இரைக்குதுங்க. காலைலருந்து முப்பத்தி நாலு போச்சுங்க."

மற்றவர்கள் "நாலஞ்சு போச்சுங்க" என்று குறைத்துத்தான் சொல்வார்கள். இவர் எண்ணிச் சொன்னார்.

"ஃபாகரை ஓட்டுங்க" என்றேன்.

"ஓட்டலாமுங்களா? இப்பத்தான்..."

"ஓட்டுங்க. பக்கவாட்டுல சாக்கை நனைச்சுத் தொங்க விடுங்க."

"சரிங்க டாக்டர்."

வைத்துவிட்டார். இருக்கையைச் சாய்த்துப் படுத்தேன். பையில் பேனா குத்தியது. எடுத்து வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன்.

இருபது நிமிடம் இருக்கும். மறுபடி அடித்தது. அதே அம்மா. இந்தத் தடவை மூச்சு வாங்கியது.

"டாக்டர், நீங்க சொன்னபடியே செஞ்சனுங்க. இப்ப இன்னும் மோசமா இரைக்குது. கூண்டுக்குள்ளயே சாயுதுங்க. மழை விட்டதுலருந்து பொட்டுக் காத்து இல்லீங்க."

"மழையா?"

"ஆமாங்க. மொதல்ல கூப்பிடறப்பவே பேஞ்சு விட்டிருந்துச்சு. அதைத்தானுங்க சொல்ல வந்தேன்."

தம்பிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.

டாக்டர் பதில் சொல்வதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் இரண்டு கேள்வி கேட்பார். "மழை பேஞ்சுதா? காத்து இருக்கா?" நாலு மாதமாக நான் அதை விசாரிப்பு என்று நினைத்திருந்தேன். சொந்தக்காரர்கள் போன் பண்ணினால் ஊரில் மழையா என்று கேட்போமே, அப்படி. பேசாத மனுசன், மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். பதிலைப் படித்துக்கொண்டேன். கேள்வியை விட்டுவிட்டேன். எட்டாவதிலும் இதேதான் செய்தேன்.

காய்ந்த காற்றில் பனி பீய்ச்சினால் கோழி குளிரும். மழை பெய்து காற்று நின்று போன செட்டில் பீய்ச்சினால், ஈரக் கம்பளியைப் போட்டு மூடின மாதிரி. சுற்றிலும் நனைந்த சாக்கு வேறு. வருகிற கொஞ்சக் காற்றையும் அடைத்தாயிற்று. அதுவும் நான் சொன்னதுதான்.

இவ்வளவும் எனக்கு அப்போது தெரியாது. தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

அந்த நேரத்தில் என் மனதில் என்ன ஓடியது என்பதை மறைக்கப் போவதில்லை. போனை வைத்துவிடலாம் என்று ஓடியது. கைப்போனில் அடையாளம் இல்லை. அந்த அம்மா டாக்டர் சொன்னார் என்றுதான் சொல்வார். டாக்டர் நான் சொல்லவே இல்லை என்பார். பெரிய மனிதர்கள் இரண்டு பேர் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். நடுவில் டிரைவர் எங்கே வருகிறான்? ஒரு பீடி பற்ற வைக்கிற நேரம் அப்படி நினைத்தேன். ஸ்பீக்கரில் ஃபாகர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. உஸ் என்று.

"அம்மா, நான் டாக்டர் இல்லீங்க. டிரைவருங்க."

"டிரைவருங்களா?"

"மொதல்ல பேசினதும் நாந்தானுங்க. ஃபாகரை நிறுத்துங்க. மிச்சத்தை டாக்டர் சொல்லுவாரு. போனை வெச்சுடாதீங்க."

திட்டுவார் என்று இருந்தேன். திட்டவில்லை. அந்தப் பக்கம் யாரையோ பார்த்து "ஃபாகரை நிறுத்து" என்றார். உஸ் சத்தம் நின்றது. அப்புறம் என்னிடம், "டாக்டரைக் கூப்பிடுங்க. நான் வெக்க மாட்டேன்" என்றார்.

கேட்டுக்கு ஓடினேன். வாச்மேன் எழுந்து நின்றார்.

"டாக்டரைப் பாக்கணும். அவசரமுங்க."

"குளிச்சுட்டுப் போ."

"குளிக்க நேரமில்லீங்க."

"அப்ப உள்ள போகவும் நேரமில்லை. கலெக்டரே வந்தாலும் சோப்புப் போட்டுத்தான் போவாரு."

அவர் சரி. நான்தான் தப்பு. அன்றைக்கு எல்லோரும் சரியாக இருந்தார்கள்.

ஹாரன் அடிக்கலாமா என்று நினைத்தேன். முப்பதாயிரம் கோழி மிரண்டு கூண்டில் மோதும். ஒரு பண்ணையைக் கெடுத்தது போதும் என்று கையை எடுத்துக்கொண்டேன். நிலைமையைப் பாருங்கள். ஒரு நம்பர். இரண்டு போன். இரண்டும் கேட்டுக்கு இந்தப் பக்கம். நம்பருக்குச் சொந்தக்காரர் அந்தப் பக்கம்.

வாச்மேனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டார். "நீ வைத்தியம் பாத்தியா?" என்று ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கேட்டில் தொங்கின மணியை இரண்டு தட்டு தட்டினார். தீனி லாரி வந்தால் தட்டுகிற மணி. கோழிக்குப் பழக்கம். முட்டை அறையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார்.

"டாக்டரைக் கூட்டியாம்மா. டிரைவர் ஒரு காரியம் பண்ணிட்டான். உசுருப் பிரச்சினை."

அந்தப் பெண் ஓடினார். மூன்றாவது செட்டுக்குப் போவதற்குள் "காரியம்" விழுந்துவிட்டது. "டிரைவருக்கு உசுருப் பிரச்சினை" என்பது மட்டும் போய்ச் சேர்ந்தது. டாக்டர் நீல லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பூட்ஸோடு ஓடி வந்தார். பின்னால் பண்ணைக்காரர். நான் கேட்டில் தூண் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"என்னாச்சுண்ணா? நெஞ்சா?"

"இல்லீங்க சார். வாய்."

நாலு வரியில் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பியைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் பெட்டியிலிருந்த கைப்போனைக் காட்டினார். பண்ணைக்காரர் குறுக்கே வந்தார். "போன் உள்ள வரக் கூடாதுங்க சார். நீங்க வெளிய போனீங்கன்னா மறுபடி குளிச்சுத்தான் வரணும்." டாக்டர் வாதாடவில்லை. அது அவர் போட்டுக் கொடுத்த சட்டம்.

"வண்டியக் கொண்டாங்கண்ணா" என்றார்.

வண்டியை மெதுவாக உருட்டி கேட்டுக் கம்பியில் மூக்கு இடிக்கிற மாதிரி நிறுத்தினேன். நாலு கதவையும் திறந்து போட்டேன். ஸ்பீக்கரை முழுசாக வைத்தேன். டாக்டர் கேட்டுக்கு அந்தப் பக்கம், வெயிலில், தலையில் ஒன்றும் இல்லாமல் நின்றார்.

"அம்மா, டாக்டர் பேசறேன்" என்று உரக்கச் சொன்னார். அவர் உரக்கப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"நெசமாலுமே டாக்டருங்களா?"

"ஆமாங்க."

"மொதல்லயும் ஆமான்னுதானுங்க நெனச்சேன். எப்படீங்க நம்பறது?"

டாக்டர் கம்பியை ஒட்டி வந்தார். "மழை எப்ப விட்டுச்சு? இப்ப காத்து இருக்கா?" என்றார்.

"நீங்கதானுங்க" என்றார் அந்த அம்மா. "சொல்லுங்க."

நனைந்த சாக்கை எல்லாம் அறுத்து எறியச் சொன்னார். ஜெனரேட்டரைப் போட்டு, வீட்டில் இருக்கிற ஃபேன், பக்கத்து வீட்டு ஃபேன் எதுவானாலும் செட்டுக்குள் வைக்கச் சொன்னார். குழாயில் நிற்கிற சுடுதண்ணீரைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடச் சொன்னார். ஒன்று சொல்வார், அவர்கள் செய்து முடிக்கும் வரைக்கும் நிற்பார். பிறகு அடுத்தது. முக்கால் மணி நேரம். வாச்மேன் தன் நாற்காலியைக் கம்பிக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் கொடுக்கப் பார்த்தார். அதுவும் வெளிச் சாமான். டாக்டர் கையை ஆட்டிவிட்டார். நான் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது தானாகவே நிற்கக் கூடிய கதவு.

கடைசியில் அந்த அம்மா, "இப்ப வாயை மூடுதுங்க டாக்டர். ரெண்டு வரிசை தண்ணி குடிக்குதுங்க" என்றார்.

"நாளைக்குக் காலைல மொதல்ல உங்க பண்ணைக்குத்தான் வாரோம். இன்னைக்கு வர முடியாது, தெரியுமில்லைங்க? அப்புறம் ஒண்ணு. தப்பு என் நம்பர்ல நடந்தது. அதனால என் தப்பு."

திரும்பும்போது வழி முழுக்கப் பேச்சில்லை. வழக்கமாகவே பேச்சில்லைதான். அன்றைய பேச்சில்லாமை வேறு. நாமக்கல்லுக்குள் நுழைகிறபோது கேட்டார்.

"எத்தனை நாளா?"

"நாலு மாசமுங்க."

"எத்தனை பேரு?"

"பதினெட்டு இருபது இருக்குமுங்க."

"எழுதிக் குடுங்க."

அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அந்தப் பேனாவால் எழுதினேன். பதினெட்டுப் பேர் நினைவுக்கு வந்தது. வீட்டம்மா பேசினதை மட்டும் எழுதவில்லை. டாக்டர் வண்டியிலேயே உட்கார்ந்து, என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். "என் நம்பர்ல என் டிரைவர் உங்களுக்குப் பதில் சொல்லியிருக்காரு. என்ன கேட்டீங்க, என்ன சொன்னாருன்னு சொல்லுங்க." பதினெட்டுத் தடவை. பதினெட்டுத் தடவையும் "என் தப்பு" என்றார். பரமத்திக்காரர் மட்டும், "அட, அது டிரைவருங்களா? நல்லாத்தானே சொன்னாரு" என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அதிகமாக வெட்கமாக இருந்தது.

வண்டிப் போனைக் கழற்றிவிடுவார் என்று நினைத்தேன். என்னையும் சேர்த்து. இரண்டும் நடக்கவில்லை.

"நாளைலருந்தும் எடுங்க. எடுத்ததும் யாருன்னு மொதல்ல சொல்லுங்க. அவங்க என்ன கேட்டாலும் அந்த ரெண்டு கேள்வியக் கேட்டு எழுதி வைங்க. பதில் நான் சொல்றேன்."

வேலையை விடும் வரைக்கும் அப்படித்தான் செய்தேன். "வணக்கமுங்க, டாக்டரோட டிரைவர் பேசறேன்." ஒரு நாளைக்கு முப்பது தடவை. பேசாத வாய்க்கு அது பெரிய வேலை. இப்போது என் சொந்தப் போன் அடித்தாலும் அப்படித்தான் சொல்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். நீங்கள் ஒரு நம்பரை இன்னொருவரோடு பங்கு போட்டுக்கொண்டால், முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அதைச் சொல்லுகிற நேரத்தில் உங்கள் வாயும் கொஞ்சம் அடங்கும்.

மறுநாள் விடிந்ததும் ராசிபுரம் தாண்டிப் போனோம். டாக்டர் குளித்து உள்ளே போனார். கோழி சாவது நின்றுவிட்டது என்று திரும்பி வந்து சொன்னார். மாமனாரும் அங்கே வந்திருந்தார். செட்டைச் சுற்றிப் பார்த்தார். குத்தகைப் பேச்சை எடுக்கவில்லை. அந்தப் பேட்சை அந்த அம்மாதான் கடைசி வரைக்கும் நடத்தினார்.

நான் வெளியே வண்டியிடம் நின்றேன். அந்த அம்மா என்னிடம் வந்தார். சின்ன வயசு. கண் சிவந்திருந்தது.

"நீங்கதானுங்களா?"

"ஆமாங்க. டிரைவருங்க."

"இப்ப மொதல்லயே சொல்லிட்டீங்க" என்றார். சிரிக்கவில்லை. வேலி ஓரம் குழி வெட்டியிருந்தது. பக்கத்தில் சாக்கு மூட்டைகள். "வெயில்ல போனதை நேத்தே பொதைச்சாச்சுங்க. இது நீங்க சொன்னதுக்கு அப்புறம் போனது. டாக்டர் பாக்கோணும்னு தனியா வெச்சிருந்தேன். பாத்துட்டாரு. எனக்கு எண்ண மனசு வரலீங்க. நீங்களே எண்ணிக் குழியில போடுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். ஒரு ஜோடி கையுறையை நீட்டினார்.

ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். வாய்விட்டு எண்ணினேன். அந்த அம்மா முடியும் வரைக்கும் பக்கத்தில் நின்றார்.

நூற்றுப் பதினேழு.